உதவித்தொகையும் வருகைப் பதிவேடும்

‘ஸ்காலர்ஷிப்’ என்னும் சொல்லைக் கேளாத மாணவர் நம் போன்ற அரசுக் கல்லூரிகளில் ஒருவரும் இரார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக்கொண்டு அலுவலக வாயிலில் நிற்கும் வரிசை, கல்லூரி திறந்தவுடன் நாம் காணும் முதற் காட்சிகளுள் ஒன்று. உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல ஆட்கள் பலர் உண்டு. கிடைத்த உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடர என்ன வேண்டும், எதனால் அது நின்றுபோகிறது என்பதை எடுத்துச் சொல்வார் மிகச் சிலரே. அதனை இயன்றவரை தெளிவாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் தாத்தாக்கள் காலத்தில் இதற்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். விந்தையான பெயர். உபகாரம் என்றால் கொடுப்பவரின் கருணை. சம்பளம் என்றால் செய்த வேலைக்குக் கூலி. ‘உதவித்தொகை’ என்று நாம் மாற்றிக்கொண்டதில் தமிழ் வளர்ந்தது உண்மை. ஆனால் ‘சம்பளம்’ என்னும் பாதி கழன்றுவிட்டது. எந்த உதவித்தொகை விதியை எடுத்துப் பார்த்தாலும் அதில் அந்தச் சம்பளப் பாதி மறைந்தே இருக்கிறது. படிப்பதும் முன்னேறுவதும் நாம் செய்ய வேண்டிய வேலை. அதனைச் செய்ததற்குச் சான்று காட்டினால்தான் அடுத்த தவணை வரும். அந்தச் சான்று எது என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு.

முதலில், மதிப்பெண்ணைச் சான்றாகக் கேட்கும் திட்டங்கள். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகைத் திட்டம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்துத் தேர்வர்களுள் மேல் இருபது விழுக்காட்டினருக்குள் வந்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள். இளங்கலை மாணவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதனைப் புதுப்பிக்க, ஆண்டுத் தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். ராகிங் உள்ளிட்ட ஒழுங்கீனப் புகார் எதுவும் இருத்தல் கூடாது. அறிவியல் மாணவர்க்கான ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் மதிப்புடையது. அதற்கேற்ப அதன் வரம்பும் உயரம்: ஒவ்வோர் ஆண்டும் 60 விழுக்காடு பெற்றாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத்திலேயே முன்னணியில் நின்றவர், கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலவழிப் பாடங்களில் தடுமாறி 58-இல் நின்றுவிட்டால் விதி அவரை அறியாது.

நம்முள் மிகப் பலருக்குப் பயன்படுவது இவை அல்ல. ஆதிதிராவிட மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையே பெரியது, பழமையானதும் அதுவே. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கப்பட்டது அது. உதவித்தொகை முடிந்துபோவதன் வலி அவருக்கு ஏட்டளவில் தெரிந்ததன்று. 1913-இல் பரோடா மன்னர் அளித்த மூன்றாண்டு உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருக்கையில், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை நடுவில் விட்டுவிட்டு நாடு திரும்பினார். மீண்டும் இலண்டன் செல்ல 1920 வரை காத்திருக்க நேர்ந்தது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. புதுப்பித்தல் விதி மட்டும் பலருக்குத் தெரியாது. நல்லொழுக்கமும் ஒழுங்கான வருகையும் உள்ளவருக்குப் படிப்பு முடியும் வரை உதவித்தொகை தொடரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்புக்கு அவர் உயர்த்தப்பட வேண்டும். விதி கேட்பது அவ்வளவே. 50 என்றோ 60 என்றோ அதில் எண் எதுவும் இல்லை.

இவ்விடத்தில்தான் மாணவரிடையே ஒரு பெருந்தவறான எண்ணம் உலவுகிறது. ‘மூன்று பேப்பர் அரியர் விழுந்துவிட்டது, இனி ஸ்காலர்ஷிப் வராது’ என்று தாமே முடிவு கட்டி, புதுப்பித்தல் விண்ணப்பத்தையே போடாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. போஸ்ட் மெட்ரிக் விதிகள் இதற்கு நேராகவே விடை சொல்கின்றன. கீழ்வகுப்புப் பாடத்தில் தேறாவிட்டாலும், பல்கலைக்கழக விதிப்படி ஒரு மாணவர் மேல்வகுப்புக்கு உயர்த்தப்பட்டு, அப்பாடத்தைப் பின்னர் எழுத அனுமதிக்கப்பட்டால், உயர்த்தப்பட்ட வகுப்புக்குரிய உதவித்தொகை அவருக்கு உண்டு. நம் பகுதிக் கல்லூரிகள் பல இணைந்துள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் முறையில், கலை அறிவியல் பட்டப் படிப்புகளில் அரியர் இருப்பதால் மட்டும் அடுத்த செமஸ்டருக்குச் செல்வது தடைப்படுவதில்லை. ஆகவே அரியர் விழுந்தவரும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்க வேண்டும். (அரியர் வைப்பதற்கு ஊக்கம் தருவதாகப் பேராசிரியப் பெருமக்கள் எண்ண வேண்டா. விதி என்ன சொல்கிறது என்பதையே கூறுகிறேன்.)

அப்படியாயின் அடுத்த செமஸ்டருக்குச் செல்வதைத் தடுப்பது எது? வருகை. 75 விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வு எழுத இயலாது. 65-க்கு மேல் இருப்பின், தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி அக்குறையை மன்னிக்கக் கேட்கலாம். அதற்கும் கீழே இறங்க இறங்க வழிகள் அடைபடுகின்றன. மிகக் குறைந்துவிட்டால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். செமஸ்டர் நின்றால் வகுப்பு உயர்வு நிற்கும். வகுப்பு உயர்வு நின்றால் உதவித்தொகை நிற்கும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருக்கிறோம். உதவித்தொகை அறுபடும் இடமோ பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

தொழில்வழிப் படிப்பினருக்கு விதி சற்று இளகியது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், பொறியியல் போன்ற முதற் பிரிவுப் படிப்புகளில் முதன்முறை தோற்றவருக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம் என இடம் தரப்பட்டது. இரண்டாம் முறை தோற்றால் மேல்வகுப்பு செல்லும்வரை செலவு அவருடையதே. கலைக்கல்லூரி மாணவருக்கு அந்த முதல் மன்னிப்பு எழுதப்படவில்லை. ஏன் என்று கேட்டால் நியாயமான விடை ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் பூங்காக்கள் சங்கிலிபோல் தொடர்ந்து கிடக்கின்றன. ஹூண்டாய் கார்கள் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவருகின்றன. ரெனோ–நிசான் ஒரகடத்தில் 2010-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொலைபேசி, கார், மோட்டார் சைக்கிள், லாரி என்று இங்கே செய்யப்படாதது அரிது. பிளஸ் டூ தேறிப் பதினெட்டு வயது நிறைந்தவருக்கு இப்பகுதியில் வேலை கேட்டு அலைய வேண்டியதில்லை. வேலையே பஸ் அனுப்பி அழைத்துச் செல்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டியது அது. ஓர் அரசுக் கல்லூரியின் மாணவியர் எண்ணிக்கையைப் போல் எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

எதிர்ப்பக்கம் உபகாரச் சம்பளம் எவ்வளவு? போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் 2021-க்குப் பின் வந்த விகிதப்படி, கட்டணம் நீங்கலாக, வீட்டிலிருந்து வந்துபோகும் கலைக்கல்லூரி மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். விடுதி மாணவருக்கு 6,000 ரூபாய். மூவாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 250 ரூபாய். ஒருபுறம் இந்த 250. மறுபுறம் மாதம் பிறந்தால் வங்கிக்கு வரும் தொழிற்சாலைச் சம்பளம். வீட்டில் தந்தைக்கு வேலை இல்லை, தங்கைக்குப் பள்ளிக்கட்டணம் என்னும் நிலையில் உள்ளவரிடம் போய், ‘கல்லூரியை விடாதே’ என்று வெறுங்கையோடு அறிவுரை கூறுவது எளிது.

ஆகவே பலர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முயல்கின்றனர். நம் பகுதியில் ‘ஷிப்ட்’ என்றால் இரு பொருள். தொழிற்சாலையிலும் ஷிப்ட், அரசுக் கல்லூரிகள் பலவற்றிலும் ஷிப்ட். இரண்டும் ஒத்துப்போனால் நன்று. வாரத்துக்கு வாரம் மாறும் முறைவேலையில் அவை ஒத்துப்போவதில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செமஸ்டருக்கு 90 வேலைநாள். வாரத்துக்கு ஐந்து நாளாகப் பதினெட்டு வாரம். 75 விழுக்காட்டுக்கு 68 நாள் வர வேண்டும். அதாவது 22 நாள் வராதிருக்கலாம். காலைக் கல்லூரியில் படிக்கும் ஒருவர் காலை, மாலை, இரவு என மூன்று முறையிலும் சுழல்கிறார் என்று கொள்வோம். காலைமுறை வாரத்தில் அவர் வகுப்புக்கு வர இயலாது. பதினெட்டு வாரத்தில் அத்தகைய வாரம் ஆறு. முப்பது நாள் போயிற்று. வருகை 60 நாள், 66.7 விழுக்காடு. இது மற்ற இரு முறைகளிலும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தால் கிடைப்பது. இரவுமுறை முடித்து வந்து, வாரத்துக்கு இரண்டு நாள் கண்ணயர்ந்துவிட்டால் மேலும் பன்னிரண்டு நாள் போகும். மீதி 48, விழுக்காடு 53. இந்த மாணவர் சோம்பேறி அல்லர். நம்மில் எவரையும்விடக் கடுமையாக உழைப்பவர். ஆயினும் பதிவேட்டில் அவர் வகுப்பைப் புறக்கணித்தவராகவே தெரிவார்.

66.7 விழுக்காட்டில் இருப்பவர் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதிவிடலாம். அதோடு உதவித்தொகையும் தப்பியது என்று எண்ணிவிடலாகாது. தேர்வுக்காகப் பல்கலைக்கழகம் மன்னித்தது வேறு. 75 விழுக்காடு என்று மத்தியத் துறைத் திட்டம் தனியே வைத்திருக்கும் வரம்பு வேறு.

இத்தொல்லையே வேண்டாமென்று தொலைநிலைக் கல்விக்கு மாறுவோரும் உண்டு. மாறுமுன் ஒன்றை அறிய வேண்டும். மத்தியத் துறைத் திட்டம் நேரடிப் பட்டப்படிப்புக்கு மட்டுமே உரியது. மாறிய அன்றே அது போய்விடும். போஸ்ட் மெட்ரிக் விதிகளிலோ, வேலை செய்துகொண்டே படிப்பவரின் வருமானமும் பெற்றோர் வருமானமும் சேர்ந்து வரம்புக்குள் இருந்தால், கட்டாயக் கட்டணங்களை மட்டுமாவது ஈடுசெய்யலாம் என்றொரு பிரிவு நெடுங்காலம் இருந்து வந்தது. உழைக்கும் மாணவரை விதி எழுதியவர்கள் அறவே மறந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று. அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வேலைக்குப் போனால்தான் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஸ்ரீபெரும்புதூரின் அண்மை வரலாற்றையே காட்டலாம். நோக்கியா ஆலை இங்கே 2006-இல் திறக்கப்பட்டு, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக விளங்கி, 2014 நவம்பர் முதல் நாளன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருபத்தைந்து வயதுக்கு முன்பே ‘முன்னாள் தொழிலாளி’ ஆயினர். பட்டம் இருந்தால் ஆலை மூடாது என்பதல்ல. மூடியபின் செல்வதற்கு இன்னொரு வாயில் இருக்கும்.

இச்சூழலில் மூன்றாவது வகைத் திட்டங்களைக் குறிப்பிட வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தின்படி, பட்டம் பெற்ற ஏழைப் பெண்ணுக்குத் திருமணத்தின்போது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் வழங்கப்பட்டு வந்தன. அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் ‘புதுமைப் பெண்’ என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றில் மதிப்பெண் வரம்பு வைக்கப்படவில்லை. இடைநிற்காமல் படிப்பதே நிபந்தனை. உதவி திருமண மேடையிலிருந்து வகுப்பறைக்கு இடம்பெயர்ந்தது சிறந்த மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தங்கம் பட்டம் பெற்ற பின் வந்தது. ஆயிரம் ரூபாய் பஸ் கட்டணம் தேவைப்படும் மாதத்திலேயே வருகிறது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த ஊர். அவர் பெயரைத் தாங்கிய கணித மேதை சீனிவாச இராமானுஜன், 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை, ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. பருவக் கட்டணமோ 32 ரூபாய். தந்தை துணிக்கடைக் கணக்கர், மாத வருவாய் 20 ரூபாய் அளவு. தாயார் கோமளத்தம்மாள் முதல்வரிடமே சென்று வாதிட்டதாக வரலாறு. முதல்வர் மரியாதையாக மறுத்துவிட்டார், விதி விதிதான். 1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்தி, கல்லூரியைக் குறை கூறுவது வழக்கம். கதையின் பிற்பகுதியே நமக்கு வேண்டியது. துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் ஆய்வு உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே வழக்கமாக உரிய அது, எந்தப் பட்டமும் இல்லாதவருக்குக் கிடைத்தது. நிபந்தனை இல்லாமல் அல்ல: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாம் செய்த ஆய்வைப் பற்றி அறிக்கை தர வேண்டும். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் அத்தகைய மூன்று அறிக்கைகளை அவர் அளித்தார். கணித அறிஞர்கள் அவற்றை இன்றும் ஆராய்கின்றனர். ஆக, அதே மனிதர் ஒரு நிபந்தனையில் வீழ்ந்தார், இன்னொன்றில் நிமிர்ந்தார். முதலாவது அவர் எதில் தேறவில்லை என்று கேட்டது; மற்றது அவர் என்ன செய்தார் என்று கேட்டது. நாம் எல்லோரும் இராமானுஜன்கள் அல்லர். ஆனால் நிபந்தனை இருப்பது தவறன்று, எதனை அளக்கிறது என்பதே பொருட்டு என்று இதிலிருந்து நான் அறிகிறேன்.

அமெரிக்காவில் மைய அரசின் கல்வி உதவி பெறுவோருக்கும் இத்தகைய விதி உண்டு. ‘திருப்தியான கல்வி முன்னேற்றம்’ என்று அதனை அழைக்கின்றனர். அங்கும் மதிப்பெண் சராசரி பார்க்கிறார்கள். அதோடு எவ்வளவு வேகத்தில் பாடங்களை முடிக்கிறார் என்றும் பார்க்கிறார்கள். படிப்புக் காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் முடித்தாக வேண்டும். நான்காண்டுப் படிப்பென்றால் ஆறாண்டு. உழைத்துக்கொண்டே மெதுவாகப் படிப்பவருக்கு அதில் மூச்சுவிட இடம் இருக்கிறது. தவறினால் உடனே அறுத்துவிடாமல் ஒரு பருவம் எச்சரிக்கையில் வைக்கவும் கல்லூரிக்கு இடமுண்டு. குடும்பத்தில் சாவு, நோய் போன்ற காரணங்களுக்காக மாணவர் மேல்முறையீடு செய்யவும் கல்லூரிகள் வழிவகை செய்யலாம். நம் போஸ்ட் மெட்ரிக் விதிகளிலும் இதன் சாயல் உண்டு. நோயினாலோ எதிர்பாராத வேறு நிகழ்வினாலோ ஆண்டுத் தேர்வு எழுத இயலாதவர், மருத்துவச் சான்றிதழ் முதலிய ஆதாரங்களைக் கல்லூரி முதல்வரிடம் அளித்து, அவர் நிறைவடைந்தால் உதவித்தொகையைப் புதுப்பித்துக் கொள்ளலாம். இப்பிரிவைப் பயன்படுத்துவோர் அரியர். காரணம், இப்படி ஒன்று இருப்பதை அறிந்தோர் அரியர். இரவுமுறை வேலை ‘எதிர்பாராத நிகழ்வு’ ஆகாதுதான். ஆனால் தந்தை விபத்தில் சிக்கியதால் ஒரு செமஸ்டர் வேலைக்குப் போக நேர்ந்தவரின் நிலையை முதல்வரிடம் எழுத்தில் வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இறுதியாக, படிப்புக்குத் தொடர்பில்லாத காரணங்களாலும் தொகை நின்றுபோவதுண்டு. எல்லா உதவித்தொகையும் தானே தொடர்வதன்று; ஆண்டுதோறும் ‘புதுப்பித்தல்’ என்னும் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். மத்தியத் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை வலைத்தளம். மாநிலம் வழியாக வருவனவற்றுக்குக் கல்லூரி பதிந்து தரும் ‘யுமிஸ்’ எண் வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பெற்றோருடன் கூட்டாக உள்ள கணக்கில் இணைத்துவிட்டு, வேலைக்காகத் திறந்த சம்பளக் கணக்கிலும் அதே ஆதாரை இணைத்தவர்கள், தொகை எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று தேடுவது உண்டு. கடைசியாக இணைத்த கணக்குக்கே அது செல்லும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் ஒப்புதல் பெறச் சில நாள்கள் ஆகுமாதலால், அறிவிப்புப் பலகையில் கடைசி நாள் ஒட்டப்படும்வரை காத்திராமல் முன்னரே வாங்கி வைப்பது நலம். வருகை விழுக்காட்டைச் செமஸ்டர் முடிவில் அல்லாமல், ஒவ்வொரு மாத முடிவிலும் துறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். 22 நாளில் எத்தனை மீதம் என்று தெரிந்தவர்தாம் ஷிப்ட் மாற்றிக் கேட்பதா, விடுப்பு எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும்.